பிள்ளைகள் சத்தம் போடாத வேன்

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்களுக்குக் காது சீக்கிரம் கெட்டுப்போகும் என்பார்கள். எனக்குக் கெடவில்லை. ஆறு வருடமாகக் காலையும் மாலையும் பதினான்கு பிள்ளைகளை ஏற்றி இறக்கியவன் நான். ஆனால் கடைசி நாலு மாதமாக என் வண்டியில் பிள்ளைகள் சத்தமே போடுவதில்லை. பள்ளிக்கூட வாசலில் மற்ற வேன்காரர்கள், "இன்னா மந்திரம் போட்டு வெச்சிருக்கற குமரேசா, ஒண்ணுகூட வாயத் தொறக்க மாட்டுது?" என்று கேட்பார்கள். எல்லாம் வளர்ப்பு என்று சொல்லிச் சிரிப்பேன். அந்தச் சிரிப்பு இப்போது ஞாபகம் வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடுங்கள், மேடம்.

நீங்கள்தான் இந்த நோட்டையும் பேனாவையும் கொடுத்து, நடந்ததை உன் கையாலேயே எழுது என்றீர்கள். ஒரு போலீஸ் ஆய்வாளர் இவ்வளவு பொறுமையாகப் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நேற்றிலிருந்து நீங்கள் கேட்பது ஒரே கேள்வி. உனக்கு எப்போது தெரியும்? தெரியாது என்று மூன்று முறை சொன்னேன். நீங்கள் திட்டவில்லை, மேசையைத் தட்டவில்லை. ஒவ்வொரு முறையும் தலையாட்டிவிட்டு மறுபடி அதையே கேட்டீர்கள். சரி, ஆரம்பத்திலிருந்து எழுதிப் பார்க்கிறேன். எழுதும்போது எனக்கே அது அகப்படலாம்.

எனக்கு ஊர் கீழ்பென்னாத்தூர். வீட்டில் மனைவி வள்ளி, நாலாம் வகுப்பு படிக்கும் மகள் கீதாஞ்சலி; அவளும் என் வண்டியில்தான் பள்ளிக்கூடம் போவாள். அப்பா நெல்லும் மல்லாட்டையும் பயிர் வைத்தவர். நான் தபால் வழியில் பி.ஏ. வரலாறு படித்துவிட்டு, மண்ணும் வேண்டாம் வரலாறும் வேண்டாம் என்று மூன்று கை மாறி வந்த ஒரு பெட்ரோல் வேனை வாங்கினேன். எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். முன்னால் எனக்கும் இன்னொருவருக்கும் இடம். நடுவில் ஒரு பெஞ்சு, கடைசியில் ஒரு பெஞ்சு, இரண்டுக்கும் நடுவே நானே ஆணி அடித்துப் போட்ட பலகை. எட்டுப் பேர் போகிற வண்டி. பதினான்கு பேர் போனோம் என்பதை நான் மறைக்கவில்லை. இந்த மாவட்டத்தில் அதை யாரும் மறைப்பதில்லை.

சாலையோர ஊர்களில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேங்கிக்காலில் இருக்கும் தனியார் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். எட்டே முக்காலுக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். காவலாளி தருமன் கெட்டவர் இல்லை, கடிகாரத்துக்குப் பயந்தவர். சாத்தினால் சாத்தியதுதான். பிரேயர் முடிந்து தலைமையாசிரியை வரும்வரை பிள்ளைகள் வெயிலில் நிற்க வேண்டும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்து இரண்டே வாரத்தில் நாலு நாள் அப்படி நின்றார்கள். வண்டியில் இழுவை இல்லை. மேம்பாலம் ஏறும்போது இரண்டாவது கியரில் முனகும். பின்னால் வரும் வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போகும். அவற்றின் ஜன்னல் வழியாக வேறு பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைப் பார்த்து டாட்டா காட்டுவார்கள்.

அப்போது என் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தவன் மாறன். ஒன்றாம் வகுப்பு. கூட்ரோட்டில் தையல் கடை வைத்திருக்கும் அருணாதேவியின் ஒரே பிள்ளை. முதல் நாள் அழுது அடம்பிடித்ததால் முன்னால் உட்கார வைத்தேன். அப்புறம் அதுவே அவன் இடமாகிவிட்டது. வழியெல்லாம் கேள்வி. இந்த குச்சி எதுக்கு, அந்த லைட் ஏன் எரியுது, மாடு ஏன் இந்தப் பக்கம் போகுது. இரண்டாவது முறை கேட் சாத்திய அன்று அவன் பயத்தில் டிராயரை நனைத்துக்கொண்டான். மறுநாள் ஏறியதும், "மாமா, இன்னிக்காவது சீக்கிரம் போய்டுவமா?" என்று கேட்டான். நான் செய்ததெல்லாம் அந்தக் கேள்விக்காகத்தான். முந்திப் போகிறவன் அடிக்கும் ஹாரனும் கொஞ்சம் உறைத்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வண்டிக்கு இழுவையை ஏற்றுவது எப்படி என்று செல்போனில் எவ்வளவோ வீடியோ இருக்கிறது. ஒருவர் இந்தியில் பேசுவார். எனக்கு இந்தி தெரியாது, ஆனால் அவர் கை பேசுவது புரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் யாரையும் கூப்பிடாமல் நானே செய்தேன். காற்று வடிகட்டியைக் கழற்றி வீசினேன். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் பொடித்துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். சைலன்சரை அறுத்து எடுத்துவிட்டுக் காயலான் கடையில் கிடைத்த நேர்குழாயை வைத்து வெல்டிங் பட்டறை மிஷினில் பற்றவைத்தேன். அந்தக் குழாய் ஓர் அடி குட்டை. பின்பம்பருக்கு வெளியே போய் முடிய வேண்டியது கடைசி சீட்டுக்கு அடியிலேயே முடிந்துவிட்டது. அங்கே தரைத் தகரத்தில் துரு தின்ற ஓட்டை இரண்டு உண்டு. அதன்மேல் ரப்பர் மிதியடி கிடக்கும். இன்னும் ஓர் அடிக் குழாய் தேடி மறுபடி காயலான் கடைக்குப் போக எனக்குச் சோம்பலாக இருந்தது.

திங்கட்கிழமை காலை வண்டி பறந்தது. மேம்பாலத்தில் மூன்றாவது கியரிலேயே ஏறினேன். தினமும் ஹாரன் அடிப்பவனை முந்தியபோது பிள்ளைகள் போட்ட கூச்சலில் எனக்குக் காது அடைத்துவிட்டது. அதுதான் என் வண்டியில் கேட்ட கடைசி பெரிய கூச்சல் என்று நினைக்கிறேன். எட்டு இருபதுக்கே பள்ளிக்கூட வாசலில் நின்றோம். தருமன் இன்னும் டீ குடித்துக்கொண்டிருந்தார். "இன்னாபா, பொழுது விடியறதுக்கு முன்னயே வந்துட்ட?" என்றார். மாறன் கீழே இறங்கி, திறந்து கிடந்த கேட்டுக்குள் போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போனான். அந்த வார அமாவாசைக்கு வண்டிக்குப் பூசை போட்டோம். நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, பூசணிக்காய் உடைத்தேன். அம்மாக்கள் வந்து கும்பிட்டார்கள்.

பிள்ளைகள் அமைதியானது எந்த நாளில் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. காலையில் முன்கதவுக் கண்ணாடி இரண்டையும் இறக்கி வேகமாகப் போவதால் அவ்வளவாகத் தெரியாது. சாயங்காலம்தான். பள்ளிக்கூடம் விட்டுப் புறப்படும்போது கத்துவார்கள், அடித்துக்கொள்வார்கள். டவுன் தாண்டுவதற்குள் குறைந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு தலையாகச் சாயும். கடைசி பெஞ்சு முதலில் தூங்கும், பிறகு பலகை, பிறகு நடு பெஞ்சு. பின்னால் பிள்ளைகள் பக்கத்து ஜன்னல் கண்ணாடிகளை நான்தான் திறக்க முடியாமல் ஸ்குரூ போட்டு முடுக்கியிருந்தேன். ஒரு பிள்ளை கையை வெளியே நீட்டியது என்று அதன் தாத்தா சண்டைக்கு வந்ததிலிருந்து அப்படி. அதுவும் பாதுகாப்புக்காகச் செய்ததுதான்.

அம்மாக்களுக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்கு வந்தால் முகம் கழுவிவிட்டுத் திரும்பத் தூங்குகிறானாம், டிவி கேட்பதில்லையாம். ஆனி முடிவதற்குள் பேச்சு கொஞ்சம் மாறியது. ஒருத்தி தன் பெண்ணுக்குத் தலைவலி என்றாள். இன்னொருத்தி, பையன் படியிறங்கியதும் வாந்தி எடுத்தான் என்றாள். அருணாதேவி கேட்டாள், "அண்ணா, உங்க வண்டில பெட்ரோல் நாத்தம் ஜாஸ்தியா அடிக்குதே, எதாச்சும் பாக்கக் கூடாதா?" அவள் மகன் முன்சீட்டில் இருந்தான், அவனுக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் அவள்தான் கேட்டாள். நான் சொன்னேன்: "வண்டி வேகமாப் போவுதுன்னு ஊரு கண்ணே நம்ம மேலதாம்மா. பசங்களுக்கு சுத்திப் போடுங்க." அவர்கள் நம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தியில் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். பிள்ளைகள் காலில் கருப்புக் கயிறு ஏறியது. வண்டிக்கும் ஒரு கயிறு கட்டினேன்.

திருஷ்டி என்று நானும் நம்பினேனா என்று கேட்பீர்கள். பாதி நம்பினேன். பாதி நம்புகிறவன் மீதிப் பாதிக்கு ஏதாவது ஏற்பாடு செய்வான் இல்லையா? நான் கப் சாம்பிராணி வாங்கினேன். சாயங்காலம் பிள்ளைகள் ஏறுவதற்குக் கால்மணி முன்பு கதவைச் சாத்தி உள்ளே ஒன்றைக் கொளுத்தி வைப்பேன். புகை நாற்றம் தெரியாது. "வண்டி கோயில் மாதிரி மணக்குது" என்று ஓர் ஆசிரியை சொன்னார். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இன்னொரு பழக்கமும் வந்தது. இதை நீங்கள் பிள்ளைகளிடம் விசாரித்தால் எப்படியும் சொல்லிவிடுவார்கள், அதனால் நானே எழுதிவிடுகிறேன். முதல் பிள்ளை இறங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் ஏரிக்கரை வரும். அங்கே தினமும் வண்டியை ஓரங்கட்டி, எல்லாக் கதவையும் திறந்து, எல்லாரையும் இறக்கி நிற்க வைப்பேன். பாட்டில் தண்ணீரை முகத்தில் தெளிப்பேன். ஆளுக்கொரு புளிப்பு மிட்டாய். ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிடுவார்கள். மிட்டாய்க்காகவே அந்த நிறுத்தம் அவர்களுக்குப் பிடித்தது. ஏரிக்கரையில் எழுப்பாமல் கொண்டுபோய் இறக்கினால் சில பிள்ளைகள் காலூன்றி நிற்க மாட்டார்கள். அம்மாக்கள் தேவையில்லாமல் பயப்படுவார்கள். நான் அந்தப் பயத்தைத் தவிர்த்தேன்.

அறுத்தெடுத்த பழைய சைலன்சர் வீட்டில் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. திரும்பப் பொருத்த அரை நாள் வேலை. காலாண்டு லீவில் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். லீவு வந்தது, மழை வருமோ என்று விட்டுவிட்டேன். தீபாவளி லீவில் மாற்றலாம் என்றிருந்தேன். அப்போது வெல்டிங் பட்டறை பூட்டியிருந்தது. கார்த்திகை தீபத்துக்கு எப்படியும் லீவு விடுவார்கள், அப்போது செய்யலாம் என்று வைத்துக்கொண்டேன். மேடம், உண்மையில் எனக்கு ஒரே பயம்தான் இருந்தது. மறுபடி மேம்பாலத்தில் முனகிக்கொண்டு ஏற வேண்டும், மறுபடி அந்த ஹாரன், மறுபடி தருமன் கேட்டைச் சாத்துவார். அந்தப் பயத்தைப் பெரிய பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் ஆடி மாதத்தில் பிள்ளைகள் உட்காரும் இடத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பின்னால் உட்கார்ந்தால் கீதாஞ்சலிக்கு வாந்தி வரும், அதனால் அவளை முன்சீட்டுக்கு மாற்றினேன். எல்லாரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

போன வாரம் ஐப்பசி பௌர்ணமி. இந்த ஊரில் பௌர்ணமி என்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பந்தோபஸ்துக்கு நீங்களும் எங்காவது நின்றிருப்பீர்கள். மத்தியானத்திலிருந்தே கிரிவலத்துக்கு வரும் பஸ்களும் வேன்களும் நெருக்க ஆரம்பித்துவிட்டன. டவுனுக்குள் விடாமல் எல்லா வண்டியையும் புறவழிச்சாலைக்குத் திருப்பினார்கள். மற்ற பௌர்ணமிகளில் நான் சுற்றுவழியாகக் கிராமத்து ரோட்டில் போய்விடுவேன். அன்று மழையில் அந்த ரோடு சேறாகியிருக்கும் என்று போகவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நாலே காலுக்குப் புறப்பட்டோம். மழை பிடித்துக்கொண்டது. நாலே முக்காலுக்குப் புறவழிச்சாலையில் வண்டி நின்றது. முன்னால் பஸ், பின்னால் பஸ், ஒரு பக்கம் ஆந்திரா வண்டி. அதற்கப்புறம் ஐம்பது நிமிடம் ஓர் அடி நகரவில்லை.

எஞ்சினை ஏன் அணைக்கவில்லை என்று நேற்றே கேட்டீர்கள். அணைக்க முடியாது. துளையைப் பெரிதாக்கியதிலிருந்து அந்த வண்டி சூட்டில் அணைத்தால் மறுபடி எடுக்காது. பெட்ரோல் குடித்துவிட்டு அடைத்துக்கொள்ளும். வேங்கிக்கால் சிக்னலில் ஒருமுறை அப்படி நின்று, போலீஸ்காரரும் இரண்டு ஆட்டோக்காரர்களும் தள்ளினார்கள். தள்ளிக்கொண்டே என்ன வண்டி இது என்று சிரித்தார்கள். சும்மா விட்டாலும் நின்றுவிடும். அதனால் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அன்று ஐம்பது நிமிடமும் நான் காலை எடுக்கவில்லை.

பக்தர்கள் தலையில் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே நடந்தார்கள். அண்ணாமலையாருக்கு அரோகரா என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டு போனது. அப்பா தோளில் இருந்த ஒரு சின்னப் பெண் எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கையாட்டினாள். யாரும் திருப்பி ஆட்டவில்லை. அவள் இன்னும் கொஞ்ச நேரம் ஆட்டிப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினாள். பிறகு ஒரு பெரியவர் என் பக்கம் வந்து நின்று, பின்னால் பார்த்துவிட்டு, கன்னத்தில் கை வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினார். பிள்ளைகள் எல்லாம் தூங்குகிறார்கள் என்று அர்த்தம். சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போனதும் உள்கண்ணாடியை நிமிர்த்திக் கூரையைப் பார்க்கும்படி திருப்பிவிட்டேன். பின்னால் நிற்கும் பஸ் வெளிச்சத்தில் கண் கூசியது, அதனால்தான்.

பக்கத்தில் இருந்த கீதாஞ்சலி திரும்பிப் பார்த்தாள். "அப்பா, பின்னாடி யாருமே பேச மாட்றாங்க."

"தூங்கறாங்க."

"பின்னாடி கதவயாச்சும் தொறக்கலாம்பா. ஒரு மாரி நாத்தம் வருது."

"மழை உள்ள அடிக்கும். அவங்க புக்கெல்லாம் நனஞ்சிடும். நீ திரும்பி உக்காரு."

அவள் திரும்பி உட்கார்ந்தாள். அவள் பக்கத்துக் கண்ணாடி ஒரு சாண் இறங்கியிருந்தது. மழை உள்ளே அடித்து அவள் பாவாடையும் மடியில் இருந்த பையும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. ஏத்தட்டுமா என்று முதலிலேயே கேட்டாள். வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "மாறனக் கூப்ட்டேன்பா, எந்திரிக்கல" என்றாள். எனக்குப் பயமாக இருந்தது. இறங்கிப் பின்கதவைத் திறந்தால் என்ன பார்ப்பேன் என்று பயம். இறங்கினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும், வண்டி நின்றுவிடும், அத்தனை பேர் முன்னால் தள்ள வேண்டியிருக்கும் என்றும் பயம். இந்த இரண்டில் எது பெரிது என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை.

ஐந்து முப்பத்தைந்துக்கு வழி விட்டார்கள். நான் வேகமாக ஓட்டினேன். வண்டியில் இழுவைக்குக் குறைவில்லை. ஏரிக்கரை வந்தது. மழை கொட்டியது. நேரமாகிவிட்டது, அம்மாக்கள் ரோட்டில் நனைந்துகொண்டு நிற்பார்கள் என்று நிறுத்தாமல் போனேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிறுத்திக் கதவைத் திறந்து எழுப்பி, எழுந்திருக்காமல் போனால் அந்தக் கரையில் நான் ஒருவன்தான் இருப்பேன் என்பதுதான் மனதில் இருந்தது.

கூட்ரோட்டில் அருணாதேவி தையல் கடை வாசலில் குடையோடு நின்றிருந்தாள். கதவை அவளே தள்ளித் திறந்தாள். நடு பெஞ்சில் ஒரு பிள்ளை முனகியது, இன்னொன்று அப்படியே வாந்தி எடுத்தது. அவள் கடைசி பெஞ்சை எட்டிப் பார்த்து, "நல்லாத் தூங்கிட்டான் போல இருக்குதுண்ணா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். "மாறா, எந்திர்டா. வூடு வந்துச்சி." அவன் பையை மடியில் கட்டிக்கொண்டு மூலையில் சாய்ந்திருந்தான். கன்னம் இரண்டும் ரோஜா நிறத்தில் இருந்தன. யார் பார்த்தாலும் திடமான பிள்ளை என்றுதான் சொல்வார்கள். அவள் இன்னொரு முறை கூப்பிட்டாள். பிறகு குடையைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் அவனை இழுத்தாள்.

அப்புறம் நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. கடைத் தரையில் துணிகளை விரித்து எல்லாரையும் படுக்க வைத்தார்கள், ஆம்புலன்ஸ் இரண்டு வந்தது. கடைசி பெஞ்சில் நாலு பேர். மூன்று பேர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். அதில் ஒருத்தி கண் திறந்திருக்கிறாள், இன்னும் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். நாலாவது மாறன். அத்தனை பேர் ஓடிக்கொண்டிருந்தபோது நான் செய்த முதல் காரியம் சீட்டுக்கு அடியில் கிடந்த சாம்பிராணிக் கப்பை எடுத்து வாய்க்காலில் வீசியது. அதை யாரும் பார்க்கவில்லை. கீதாஞ்சலி பார்த்தாள்.

என் மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நனைந்ததில் சளி பிடித்ததோடு சரி. நேற்று வள்ளி இங்கே வந்தாள். சாப்பாடு கொண்டுவந்தாள், ஆனால் கம்பிக்கு அந்தப் பக்கமே வைத்துக்கொண்டு நின்றாள். "பாப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்குனு இருக்கறா. அப்பா என்னை ஏம்மா முன்னாடி உக்கார வெச்சாருன்னு. நான் இன்னா சொல்லட்டும்?" என்றாள். வாந்தி வரும் என்பதற்காக என்று சொல் என்றேன். "அவ எப்ப வாந்தி எடுத்தா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பாட்டோடு திரும்பிப் போனாள். மேடம், உங்கள் கேள்விக்கு நான் பயப்படவில்லை. நீதிமன்றத்துக்கும் பயப்படவில்லை. ஒன்பது வயதுப் பெண் கேட்கும் அந்த ஒரு கேள்விக்குத்தான் நேற்றிலிருந்து பயப்படுகிறேன். அவள் கெட்டிக்காரி. யாரும் சொல்லாவிட்டாலும் கண்டுபிடித்துவிடுவாள். அப்புறம் வாழ்நாள் முழுக்க அந்த முன்சீட்டில்தான் உட்கார்ந்திருப்பாள்.

ஆகவே எழுதிவிடுகிறேன். ஆடி இரண்டாம் வெள்ளிக்கு முந்தின நாள் சாயங்காலம், கீதாஞ்சலி வழக்கம்போலக் கடைசி பெஞ்சில் மூலையில் உட்கார்ந்து வந்தாள். ஏரிக்கரையில் எல்லாரும் எழுந்தார்கள், அவள் எழவில்லை. தண்ணீர் தெளித்தேன், தூக்கிக் கரையில் கிடத்திக் கன்னத்தைத் தட்டினேன். மற்ற பிள்ளைகள் மிட்டாய் தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அவள் கண் விழிக்கக் கால்மணி ஆயிற்று. அந்தக் கால்மணியில் எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது, மேடம். ஓர் அடி குட்டையான குழாய், அதன் புகை ஏறி வரும் துரு தின்ற ஓட்டை, முடுக்கிய ஸ்குரூ எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வீட்டுக்குப் போனதும் கட்டிலுக்கு அடியில் குனிந்து அந்தப் பழைய சைலன்சரைக்கூடத் தொட்டுப் பார்த்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை, பட்டறையில் பூசை போட்டுக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியது. அதைவிட எளிதாக ஒரு வழி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கீதாஞ்சலியை முன்சீட்டில் உட்கார வைத்தேன். கடைசி பெஞ்சில் ஓர் இடம் காலியாயிற்று. பதினான்கு பேர் வண்டியில் ஓர் இடத்தை எப்படிக் காலியாக விடுவது? கூட்ரோட்டில் மாறன் வந்து வழக்கம்போல முன்கதவைத் திறந்தான். நீ பெரிய பையனாகிவிட்டாய், இனிமேல் பின்னால் உட்கார் என்றேன். அவன் கொஞ்சம் யோசித்தான். "பின்னாடி உக்காந்தா ரோடு தெரியாதே மாமா" என்றான். பின்னால் போனால் நன்றாகத் தூக்கம் வரும் என்று சொன்னேன். அவன் சரி என்று ஏறிக்கொண்டான்.

நான் அவனிடம் பொய் சொல்லவில்லை, மேடம்.